ஜோடி சேராத இயர்பட்ஸும் என் இடது காதும்

"ஒண்ணு பாடுது, ஒண்ணு பாட மாட்டுது." இயர்பட்ஸ் ரிப்பேர் பார்க்கும் தொழிலில் வாடிக்கையாளர் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் எப்போதும் இதுதான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கடைத்தெருவில் எங்கள் செல்போன் கடை. கடை என் அண்ணன் காதருடையது. உடைந்த டிஸ்ப்ளே, வீங்கிய பேட்டரி எல்லாம் அவர் பார்ப்பார். காதுக்குள் போகிற சாமான் எதுவானாலும் என் மேஜைக்கு வந்துவிடும். வீட்டில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த என்னை, "உன் வெரல் சின்னது, ஊசி கோக்கிற கண்ணு, வந்து குந்து" என்று அவர்தான் கூட்டி வந்து உட்காரவைத்தார்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒயர் இல்லாத அந்த இரண்டு பொத்தான்களும் முதலில் தங்களுக்குள் சேர வேண்டும். அப்புறம்தான் போனோடு சேரும். தங்களுக்குள் சேரவில்லை என்றால் ஒரு காதில் பாட்டு, இன்னொரு காதில் மௌனம். ரெண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்தால் சிவப்பும் நீலமுமாக மின்னும். மின்னிக்கொண்டே இருந்து, ஒன்று சட்டென்று அடங்கும். மற்றதைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். மதியம் தெரு ஓய்ந்த நேரத்தில் அந்தக் குட்டி விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கண் சொக்கிவிடும். வேலை செய்தேனா, கனவு கண்டேனா என்று சில நாள் எனக்கே குழப்பமாக இருக்கும். வீட்டு மேஜை டிராயரில் ஒற்றை பட்ஸ் ஒன்றைப் போட்டுவைத்துக்கொண்டு, என்றைக்காவது பாடும் என்று காத்திருக்கும் சக நோயாளிகளுக்கு என் நிலைமை புரியும்.

தோல் உரிக்காதவர்

ஏழுமலை டிராக்டர் ஓட்டுகிறவர். கடைக்குள் நுழையும்போதே சண்டைக்குத் தயாராக வந்தார். புது பட்ஸ் வாங்கி ஒரு வாரம் ஆகிறதாம், ரெண்டும் உயிரே இல்லாமல் கிடக்கிறதாம், பெட்டியில் போட்டாலும் சார்ஜ் ஏறவில்லையாம். வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்ததில் அவருக்கு ஏகப்பட்ட பேஜார். "ஏமாத்து வியாபாரம் பண்ணிக்கினு கீறீங்க" என்று அவர் சொன்னது எதிர்த்த பூக்கடை வரைக்கும் கேட்டது.

பெட்டியைத் திறந்தேன். பட்ஸின் காலில், சார்ஜ் ஏறுகிற பித்தளைப் புள்ளியின் மேல், கம்பெனியில் ஒட்டி அனுப்பும் கண்ணாடித் தாள் அப்படியே இருந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. நகத்தால் சுரண்டி ரெண்டையும் உரித்துப் பெட்டியில் வைத்தேன். உடனே விளக்கு எரிந்தது. ஏழுமலை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இறங்கி, முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தேம்மா, ஒரு தோலு கீதுன்னு தெரியும், காதுக்குள்ள போற ஜீவனாச்சே, உரிச்சா வலிக்குமோன்னு வுட்டுட்டேன்."

மதகு திறந்த மதியம்

வலது, இடது சரியாகப் பிரிந்து வருகிறதா என்று பார்க்க ஒவ்வொரு கடையிலும் ஒரு சத்தம் வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது நானே எடுத்தது. மழைக்காலத்தில் எங்கள் ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தபோது, விடியற்காலை நின்று போனில் பதிவு செய்தேன். இடது காதில் தண்ணீர் விழும். வலது காதில், கரை மரத்துக் கிளிகள். ரெண்டும் ஒன்றாகக் கேட்டால் ஜோடி சேர்ந்துவிட்டது.

நெல் தரகர் ஒருவர், பெரிய மீசை, பெரிய உடம்பு, பட்ஸ் சரி செய்யக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் அவர் காதிலேயே மாட்டி, ஏரிச் சத்தத்தைப் போட்டுவிட்டேன். கண்ணை மூடினார். நானும் அடுத்த வேலையை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தலை சாய்ந்து, வாய் திறந்து, நல்ல தூக்கம். அண்ணன் எழுப்பப் போனார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் ஏதோ ஒரு தண்ணீர்க் கரையில் இருந்தார். பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே கத்தினார்: "மதகைத் தெறந்துட்டானுங்களா? இன்னிக்கு என் வயலு மொறயாச்சே!"

பெருநகர் ஜோடி

கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பிள்ளைகள், பெருநகரிலிருந்து வண்டியில் வந்தார்கள். அவன் பெயர் தினேஷ், கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அவள் செல்வி. பட்ஸ் சேரவில்லை என்றார்கள். நான் எடுத்து அழுத்தினேன், சேர்ந்தது. ஏரி ஓடியது, கிளி கத்தியது. "நல்லாத்தானே கீது?" என்றேன். தினேஷ் தலையைச் சொறிந்தான். "இங்க கீதுக்கா. பஸ்ஸு ஏறி கம்பெனிக்குப் போய்ட்டா சேர மாட்டுது."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவன் வலது பட்ஸை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போயிருக்கிறான். அவள் இடதை மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறாள். ரெண்டும் ஜோடி என்று அட்டையில் போட்டிருக்கிறது, அதனால் இவள் பேசினால் அவனுக்குக் கேட்கும் என்று நினைத்துவிட்டார்கள். கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்காகச் செய்த ஏற்பாடு. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிக்கொண்டேன். இது ஒரு வீட்டுக்குள் மட்டும்தான் எட்டும், பத்து கிலோமீட்டர் எட்டாது என்று விளக்கினேன். தினேஷுக்கு வெட்கமாகிவிட்டது. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான்.

செல்வி அசையவில்லை. பட்ஸைப் பெட்டியில் வைத்து மூடினாள், திறந்தாள், மூடினாள். "நாள்பூரா போட்டுக்கினா இருந்தே?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். பாத்திரம் விளக்கும்போதும், துணி காயவைக்கும்போதும். ஏதும் கேட்கவில்லையே, எப்படிச் சலிக்காமல் இருந்தாய் என்றேன். லேசாக 'உஸ்' என்று ஒரு காற்று மட்டும் வந்துகொண்டிருக்குமாம். வெளியே எட்டிப் பார்த்து, அவன் வரவில்லை என்று தெரிந்துகொண்டு சொன்னாள்: "பேச்சு வர்லக்கா, ஆனா அவரு பஸ்ல சாஞ்சி தூங்கிக்கினு போறது அப்படியே கேட்டுச்சு."

அண்ணன் பெட்டி, தம்பி பெட்டி

ஒரே மாடல் பட்ஸ் ஒரே வீட்டில் ரெண்டு இருந்தால் ஒருநாள் மாறிப்போகும். இது எங்கள் தொழிலில் சூரியன் கிழக்கே உதிப்பது போல. அப்படி ஒரு வீட்டிலிருந்து முதலில் தம்பி வந்தார். வலது இடதோடு சேரவில்லை. பட்ஸில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தேன், ரெண்டும் வேறு வேறு செட். மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் வந்தார், அதே கதை, மீதி ரெண்டு. பேசிப் பார்த்ததில் புரிந்தது. ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள், கிணற்றுத் தண்ணீர் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள். சுவர் எழுவதற்கு முன்னால் ஒரே கூடத்தில் சார்ஜ் போட்டபோது மாறியிருக்கிறது.

ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு படமே ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் மின்னும், அடங்கும், அண்ணன் தம்பியைப் பார்ப்பார், ஆளுக்கொரு காதாக ஏரிச் சத்தம் கேட்பார்கள், கண் கலங்கும் என்றெல்லாம். வந்தார்கள். மேஜையின் இரண்டு ஓரத்தில் நின்றார்கள். மாற்றி வைத்து அழுத்தினேன். நாலும் மின்னின, ஜோடிக்கு ஒன்று அடங்கியது. நான் ரெண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். அண்ணன்காரர் தன் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோபமில்லாமல், எனக்கு ஏதோ உதவி செய்கிற மாதிரி சொன்னார்: "இது சேந்துச்சு இல்ல, அத்தோட வுடும்மா, எங்கள சேக்கறது உன் கடை வேல இல்ல."

தண்ணீர் நின்ற வாரம்

ஒரு வாரம் வந்த பட்ஸ் எல்லாவற்றிலும் இடது பக்கம் செத்திருந்தது. ஒரு காலேஜ் பெண்ணுடையது, ஒரு ஆட்டோக்காரருடையது, நாங்களே புதிதாகப் பிரித்த பெட்டியிலும் ஒன்று. கிளி கத்துகிறது, தண்ணீர் விழவில்லை. விளக்கு ஒழுங்காக மின்னுகிறது, அடங்குகிறது, சேர்ந்துவிட்டேன் என்று பட்ஸுக்குள் பேசுகிற இங்கிலீஷ் அம்மா குரல் கொடுக்கிறாள், ஆனால் இடதில் ஒன்றும் இல்லை. சரக்கு மோசம் என்று முடிவு கட்டினேன். அண்ணனும் மெட்ராஸ் மொத்தக் கடைக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்.

அதில் ஒன்று பார்வதியுடையது. நடவுக்கும் களை எடுக்கவும் போகிறவர். சேற்றில் குனிந்துகொண்டே காதில் கதை கேட்பார். "எடது போயிடுச்சுக்கா, மாத்தித்தான் ஆவணும்" என்றேன். அவர் வாங்கி மாட்டிப் பார்த்தார். "கேக்குதே." நல்லாக் கேளுங்க என்றேன். "நல்லாத்தான் கேக்குது. தொபதொபன்னு தண்ணி வுழுது." நான் வாங்கித் துடைத்து, முக்காட்டுக்குள் விட்டு மாட்டினேன். ஒன்றுமில்லை. அவரிடம் கொடுத்தேன். கேட்கிறது என்றார். ஏனோ அப்போது அந்த இடது பட்ஸை எடுத்து என் வலது காதில் வைத்தேன். கலங்கல் முழுசாக வந்து விழுந்தது. வலது பட்ஸை இடது காதில் வைத்தேன். ஒரு கிளிகூட இல்லை.

ஒரு வாரமாகத் தெரு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது மாதிரி இருந்தது உண்மை. அண்ணன் இடப்பக்கம் நின்று கூப்பிட்டது எட்டாமல், அவர் கோபித்துக்கொண்டதும் உண்மை. நான் அதை மதியத் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது கரையில் இருப்பவர்கள் பேசுவது எப்படி இருக்கும், அப்படி ஒரு வாரம் இருந்திருக்கிறேன், பயமே இல்லாமல். பயம் அந்த நிமிஷத்தில்தான் வந்தது. பார்வதி என் கையிலிருந்து பட்ஸைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்தார். அண்ணனைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "இத்த மாத்தாத பாப்பா, மொதல்ல போய் அந்தக் காதைக் காட்டு."

கண்ணாடிக் கூண்டு

மறுநாளே அண்ணன் என்னைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனார். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, அழுக்கு இல்லை, அடைப்பு இல்லை, உள்ளே இருக்கிற நரம்பு என்றார். சில பேருக்குக் காரணமே இல்லாமல் இப்படி ஒரு காது போகுமாம். இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார். மாத்திரை கொடுத்தார். எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, திரும்பாமலும் போகலாம் என்றார். அண்ணன் மாத்திரைச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, பெரிய ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பரிசோதனை செய்த பெண் கண்ணாடிக்கு வெளியே இருந்தாள். அப்படி ஒரு நிசப்தத்தில் நான் இருந்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் எங்கோ மணி அடித்தது, அழுத்தினேன். யாரோ குழாயைத் திறந்தார்கள், அழுத்தினேன். எங்கள் தெரு ஐஸ் வண்டி போனது, அதற்கும் அழுத்தினேன். எவ்வளவோ கேட்டது. பரவாயில்லை, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசு நிறைந்துபோய்ச் சிரித்தபடி வெளியே வந்தேன். அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க பொத்தானை அழுத்தினதுல பாதி நேரம் நான் சத்தமே குடுக்கலையே."

காற்று வரும் பக்கம்

மாத்திரை முடிந்தபோது கொஞ்சம் திரும்பியிருந்தது. இடது காதில் லாரி கேட்கும், ஓட்டுகிறவன் பேச்சு கேட்காது. அவ்வளவுதான். ராத்திரி வலது பக்கமாகப் படுக்கப் பயமாக இருக்கும். அந்தக் காது தலையணையில் பதிந்துவிட்டால் உலகமே அணைந்துவிடும். இருக்கிற ஒன்றும் போய்விட்டால் என்ன செய்வது என்று, அது வேலை செய்கிறதா என விரலை உரசி உரசிப் பார்த்துக்கொள்வேன். பழையபடி தையலுக்கே போய்விடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்ல வார்த்தையைச் சேர்த்துவைத்திருந்தேன்.

சொல்லலாம் என்று ஒருநாள் காலை கடைக்கு வந்தால், அண்ணனின் மேஜை இடம் மாறியிருந்தது. எனக்கு இடப்பக்கம் ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது, இப்போது வலப்பக்கம் சுவரோரம். அங்கே ஃபேன் எட்டாது, பத்து மணிக்கெல்லாம் வெயில் வேறு விழும். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் குனிந்திருந்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. ஏன் அண்ணே இங்கே என்றேன். நிமிராமலே சொன்னார்: "இந்தப் பக்கம்தான் காத்து நல்லா வருது."

ஒன்று மட்டும்

அன்றைக்கு நான் தையல் பேச்சை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் எடுக்கவில்லை. ஆனால் மனசு வேலையில் இல்லை. இடது பட்ஸை வலது காதுக்கு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து வேலையை ஓட்டினேன். ரெண்டையும் சேர்த்துக் கேட்க முடியாதவள் ஜோடி சேர்த்துக் கொடுப்பது பொய்யாகத் தோன்றியது.

சாலவாக்கத்திலிருந்து சுகன்யா என்று ஒரு பெண் வந்தாள். கம்பெனி வேனில் போய் வருகிறவள், கழுத்தில் அடையாள அட்டை. "அக்கா, பட்ஸு ஒண்ணு மட்டும் குடுப்பீங்களா?" என்றாள். ஜோடியாகத்தான் விற்கிறோம் என்றேன். "எனுக்கு ஒரு காதுதான்க்கா. சின்ன வயசுல ஜொரம் வந்து வலது போயிடுச்சு. ஜோடியா வாங்கி, ஒண்ணு எப்பவும் பெட்டிக்குள்ளயே தூங்கினு கீது." மழை வருமா என்று பேசுகிற தொனியில்தான் சொன்னாள். துணை தொலைந்த ஒற்றை பட்ஸ்கள் கிடக்கிற டப்பாவிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து, பழைய சேர்க்கையை அழித்து, தனியாகப் பாடுகிற மாதிரி செய்துகொடுத்தேன். கொடுக்கும்போது வாய் தானாகத் திறந்தது. "எனக்கும் இப்போ எடது இல்ல" என்றேன். வெளியாள் ஒருவரிடம் முதல்முறையாகச் சொன்னேன்.

அவள் 'அச்சோ' சொல்லவில்லை. என் போனை வாங்கினாள். செட்டிங்குக்குள் போய், அதற்குள் ஒரு வரியைக் காட்டினாள். மோனோ என்று இருந்தது. எத்தனை போனில் எத்தனை முறை கடந்துபோன வரி! ஒருநாளும் தொட்டதில்லை. அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டு, மேஜையில் இருந்த வலது பட்ஸை என் வலது காதில் வைத்தாள். பாட்டு வந்தது, மேளம் இல்லை. அந்த வரியைத் தட்டிவிட்டாள். மேளம் வந்தது. அதற்குப் பின்னால், இருக்கிறதென்றே நான் அறியாத ஒரு புல்லாங்குழலும் வந்தது. எல்லாம் ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு, ஆனால் எதுவும் வெளியே நிற்காமல். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வலப்பக்கம் அண்ணன் என்னாச்சு என்று கேட்டார், நன்றாகவே கேட்டது. வேன் ஹார்ன் அடிக்க, சுகன்யா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என் நல்ல காதுப் பக்கம் குனிந்து சொன்னாள்: "ரெண்டு பக்கமும் ஒரே காதுல வர்றதால மொதல்ல நெரிசலா இருக்கும்க்கா, அப்பால அதுங்களே ஒதுங்கி எடம் குடுத்துக்கும்."

மொத்தத்தில் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பாதிக் கோளாறு அழுக்கைத் துடைத்தால் தீரும், மீதிப் பாதி வந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தீரும், அதற்கு ஒரு காதே தாராளம்.